தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு வலி

இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் முதுகெலும்புக்கும் இடைப்பட்ட பகுதியில் தோன்றும் வலி மிகப் பலரைத் தொல்லைப்படுத்துவதாக இருந்தும், கீழ்முதுகு வலிக்கும் கழுத்து வலிக்கும் கிடைத்த மருத்துவக் கவனத்தில் ஒரு சிறு பங்கையே அது பெற்றிருக்கிறது. பெரும்பாலானோரிடம் இவ்வலி சில நாள்களிலோ சில வாரங்களிலோ தணிந்துவிடுகிறது. அதற்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்துகொள்ளவும் முடியும். ஆனால் அந்த முயற்சி பலன்தர வேண்டுமானால், வலிக்கும் இடத்தையே வலியின் பிறப்பிடமாகக் கொள்ளும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டியிருக்கிறது. ஏனெனில் இங்கே உணரப்படும் வலி களைத்துப்போன தசையிலிருந்தும் வரலாம், கழுத்திலிருந்தும் வரலாம், சில வேளைகளில் இதயம், பித்தப்பை போன்ற உள்ளுறுப்புகளிலிருந்தும் வரலாம்.

தோள்பட்டை எலும்பு தட்டையான முக்கோண வடிவம் கொண்டது; இரண்டாம் விலா எலும்பு முதல் ஏழாம் விலா எலும்பு வரையிலான உயரத்தில், விலாக்கூட்டின் பின்புறத்தில் அது படிந்திருக்கிறது. உடலின் நடுச் சட்டகத்தோடு எலும்பு வழியாக அதற்கிருக்கும் இணைப்பு காறை எலும்பு ஒன்றே. அதுவும் முன்புறத்தில், மார்பெலும்பின் மேல்முனையில்தான் சென்று சேர்கிறது. பின்புறத்தில் விலாக்கூட்டுக்கும் தோள்பட்டை எலும்புக்கும் இடையே உண்மையான மூட்டு எதுவும் கிடையாது. பல திசைகளிலிருந்தும் இழுத்துக் கட்டிய கயிறுகளால் நிற்கும் பந்தற்கால் போல, அது தன்னோடு இணைந்த 17 தசைகளின் இழுவிசையால் மட்டுமே நிலைகொள்கிறது. பிடரியிலிருந்து முதுகின் நடுப்பகுதி வரை விரிந்து தோளை நோக்கிக் குவியும் ட்ரெப்பீசியஸ், அதனடியில் முதுகெலும்பிலிருந்து தோள்பட்டை எலும்பின் உள்விளிம்புக்குச் சாய்வாக ஓடும் ரோம்பாய்டு, கழுத்தின் மேல் முள்ளெலும்புகளிலிருந்து இறங்கித் தோள்பட்டை எலும்பின் மேல்மூலையைத் தூக்கிப் பிடிக்கும் லிவேட்டர் ஸ்கேப்புலே, விலா எலும்புகளிலிருந்து கிளம்பி அதே எலும்பை முன்னோக்கி இழுக்கும் செரேட்டஸ் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை.

இந்த ஏற்பாட்டின் பயன் கையின் வீச்சு. கையைப் பக்கவாட்டில் தலைக்கு மேலே 180 பாகை உயர்த்தும்போது அதில் ஏறத்தாழ 120 பாகை தோள்மூட்டிலும், மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின்மீது சுழன்று நகர்வதாலும் கிடைக்கிறது என்பதை 1944-இல் வெளியான ஓர் ஆய்வில் வெர்ன் இன்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் விளக்கினர். ஆளுக்கு ஆள் இவ்விகிதம் சற்று மாறினாலும் அடிப்படைக் கருத்து இன்றும் ஏற்கப்படுகிறது. இந்த நகர்வின்போது சிலருக்கு நறநறவென்று ஒலி கேட்பதுண்டு. வலி இல்லாதவரை அவ்வொலியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. வீச்சுக்குக் கொடுக்கும் விலையோ தசைகளின் ஓயாத உழைப்பு. ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 5 விழுக்காடு, அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 3 கிலோ. தலையின் எடை நாலரை முதல் ஐந்து கிலோ. கையை நீட்டி, தலையைக் குனிந்து ஒரு வேலையில் ஆழ்ந்திருப்பவரின் மேல்முதுகுத் தசைகள், அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதாகப் பிறர் நினைக்கும் நேரம் முழுவதும் இந்தச் சுமைகளைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

அச்சுமை பெரிதன்று என்பதுதான் இங்கே வியப்புக்குரியது. தசை தன் உச்ச வலிமையில் 15 விழுக்காட்டுக்குக் குறைவாக இயங்கினால் களைப்பின்றி நெடுநேரம் இயங்க முடியும் என்று ஜெர்மானிய உழைப்பியல் அறிஞர் வால்டர் ரோமெர்ட் 1960-இல் கணித்தார்; பின்னர் நடந்த ஆய்வுகள் அந்த எல்லை மிகத் தாராளமானது என்றும், அதைவிட மிகச் சிறிய இறுக்கம்கூட மணிக்கணக்கில் நீடித்தால் தசையைக் களைப்பிக்கும் என்றும் காட்டின. இதற்கான விளக்கத்தின் வேர், நரம்பியலாளர் எல்வுட் ஹென்னமன் கண்டறிந்த ஒரு விதியில் இருக்கிறது. ஒரு நரம்பு உயிரணுவும் அது இயக்கும் தசை நார்களும் சேர்ந்த தொகுதி ‘இயக்க அலகு’ எனப்படும். தசைக்குக் கட்டளை வரும்போது எல்லா அலகுகளும் ஒருசேர எழுவதில்லை, சிறியவை முதலிலும் பெரியவை பின்னரும் எழுகின்றன, ஓயும்போது இவ்வரிசை தலைகீழாகிறது என்பதே அவ்விதி. ஆகவே தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருப்பவரின் ட்ரெப்பீசியஸ் தசையில் பெரிய அலகுகள் நாள் முழுதும் ஓய்வில் இருக்க, சிறிய அலகுகள் காலையில் எழுந்தது முதல் வேலை முடியும்வரை இடைவிடாமல் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. சுவீடன் ஆய்வாளர் கோரான் ஹெக் 1991-இல் முன்வைத்த இக்கருத்து, வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் உறங்கும் கதைப்பெண்ணின் பெயரால் ‘சிண்டரெல்லா கருதுகோள்’ என்று வழங்கப்படுகிறது. கருதுகோள் என்ற நிலையிலேயே அது இன்னும் இருந்தாலும், கனமான பொருள் எதையும் தூக்காதவர்களுக்கு ஏன் இவ்வளவு வலி என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த விடைகளுள் ஏற்புடையது அதுவே. திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் மடியில் சுளகை வைத்து நாள் முழுதும் பீடி சுற்றும் பெண்களுக்கும், கணினித் திரையின்முன் அமர்ந்திருக்கும் மென்பொருள் பொறியாளருக்கும், குழந்தைக்குக் குனிந்து பாலூட்டும் தாய்க்கும் ஒரே இடத்தில் வலி தோன்றுவதில் வியப்பில்லை.

கைபேசியைக் குனிந்து பார்ப்பவரின் கழுத்தில் 27 கிலோ எடை ஏறுகிறது என்ற செய்தி பல ஆண்டுகளாகப் பரவிவருகிறது. அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட ஒரு கணக்கீட்டு மாதிரியில், தலை 60 பாகை குனியும்போது வரும் மதிப்பு அது. நோயாளிகளை நேரில் ஆராய்ந்து பெற்ற முடிவன்று. குனிவதே முதுகெலும்பைச் சிதைக்கிறது என்று அதிலிருந்து அஞ்சுவது தவறு. கூன்விழ உட்காருபவர்களுள் வலியே இல்லாதவர்களும், நிமிர்ந்து உட்காருபவர்களுள் வலியுடையவர்களும் ஏராளமாக இருக்கிறார்கள். தீங்கு குனிவதில் இருப்பதைவிட, எந்த நிலையானாலும் அதில் அசையாமல் நெடுநேரம் உறைந்துவிடுவதில்தான் மிகுதியாக இருக்கிறது.

தசைக்கு அடுத்தபடியாக நினைக்கவேண்டியது கழுத்து. 1930-களில் லண்டனில் ஜோனாஸ் கெல்கிரென் என்ற மருத்துவர், தம் உடலிலும் தன்னார்வலர்களின் உடலிலும் தசைகளுக்குள்ளும் முதுகெலும்பின் இணைப்பு நார்களுக்குள்ளும் அடர் உப்புநீரை ஊசிவழியாகச் சிறிதளவு செலுத்தி, வலி எங்கே உணரப்படுகிறது என்று வரைபடமாகக் குறித்தார். ஊசி குத்திய இடத்திலிருந்து வெகு தொலைவிலும் வலி உணரப்படுவதை 1938-இல் வெளியான அவருடைய கட்டுரை காட்டியது. ஹவாய்த் தீவுகளின் நரம்பியல் அறுவை மருத்துவர் ரால்ஃப் கிளவர்டு 1959-இல் இன்னும் நேரடியான சான்றைத் தந்தார்: விழித்திருக்கும் நோயாளிகளின் கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளை, அதாவது பேச்சுவழக்கில் ‘டிஸ்க்’ எனப்படும் மெத்தைகளை, அவர் முன்புறமிருந்து ஊசியால் தூண்டியபோது, அவர்கள் வலியைக் கழுத்தில் உணராமல் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பை ஒட்டி உணர்ந்தார்கள், தூண்டப்பட்ட தட்டு கீழே செல்லச்செல்ல வலியும் முதுகில் கீழே இறங்கியது. கழுத்தின் பின்புறச் சிறுமூட்டுகளும் இவ்வாறே தோள்பட்டைக்கு வலியை அனுப்புவதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் நிக்கோலாய் போக்டுக் குழுவினர் 1990-இல் நலமான தன்னார்வலர்களிடம் காட்டினர். வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் நரம்புகள் தண்டுவடத்தில் ஒரே உயிரணுக்களில் வந்து சேர்வதால், எந்த வழியாகச் செய்தி வந்தது என்பதை மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. ரோம்பாய்டு, செரேட்டஸ் தசைகளுக்குச் செல்லும் நரம்புகளும் கழுத்திலிருந்தே புறப்படுகின்றன என்பதை நினைத்தால் இந்தக் குழப்பம் இயல்பானதே.

இதிலிருந்து ஓர் எளிய சோதனை பிறக்கிறது. தலையை மெல்லப் பின்னால் சாய்த்தாலோ, வலிக்கும் பக்கம் திருப்பினாலோ தோள்பட்டை வலி கூடினால், அல்லது வலியோடு கையில் மரமரப்பு, விரல்களில் எறும்பூரும் உணர்வு ஆகியவை சேர்ந்தால், கழுத்தே மூலமாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. அத்தகையவர் முதுகில் எவ்வளவு தைலம் தேய்த்தாலும் பயன் குறைவாகவே இருக்கும்.

உள்ளுறுப்புகளின் வலியை அடையாளம் காண்பதே வீட்டுக் கவனிப்பின் முதற்படியாக இருக்கவேண்டும். அதை இறுதி எச்சரிக்கையாகத் தள்ளிவைப்பது பொருந்தாது. தமிழ்நாட்டில் மேல்முதுகில் திடீரென வலி எடுத்தால் ‘வாயு பிடித்திருக்கிறது’ என்று சொல்லி, பூண்டும் பெருங்காயமும் கொடுத்துக் காத்திருப்பது இன்றும் பல வீடுகளில் வழக்கம். மாரடைப்பின் வலி சிலருக்கு மார்பில் தோன்றாமல் முதுகிலும் தோளிலும் தாடையிலும் மட்டுமே தோன்றக்கூடும், அதுவும் பெண்களிடமும் முதியோரிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் மிகுதி என்பதால், இந்தக் காத்திருப்பு உயிரைப் பறித்துவிடக்கூடியது. நடக்கும்போதோ படியேறும்போதோ வந்து, ஓய்வெடுத்தால் அடங்கும் வலியும், வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் ஆகியவற்றோடு வரும் வலியும் தசைவலியாகக் கருதப்படவே கூடாது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே கிழிப்பதுபோலச் சட்டென்று எழும் கடும் வலி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிவதால் வருவதாக இருக்கலாம். இந்நிலைகளில் தமிழ்நாட்டில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் உடனே அழைக்கவேண்டும்.

மற்றவை அத்தனை அவசரமானவை அல்லவென்றாலும் தவறவிடக் கூடாதவை. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் வலது விலாவின் கீழ் தொடங்கி வலது தோள்பட்டைக்குப் பரவும் வலி பித்தப்பைக் கல்லைச் சுட்டலாம். ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல எரிந்து, சில நாள்களில் கொப்புளம் எழுந்தால் அது அக்கி. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் பலன் கூடுதல். மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, இரவில் விழிக்கவைக்கும் ஓயாத முதுகுவலி ஆகியவை சேர்ந்து வந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைத்தாக வேண்டும்; ஆங்கில அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-இல் விவரித்த இந்நோய் மார்பு முள்ளெலும்புகளையே பெரிதும் தாக்குகிறது, உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வாழும் இந்தியாவில் அது பழங்கதையாகிவிடவில்லை. எலும்பு தேய்ந்த முதியவருக்கும், நெடுங்காலம் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டவருக்கும் சிறு குலுக்கலிலேயே முள்ளெலும்பு நொறுங்கக்கூடும். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரின் புதிய முதுகுவலி, கால்களில் பலவீனம், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகிய எதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கத் தக்கதன்று.

இவையெல்லாம் இல்லையெனத் தெளிந்தபின், முதல் சில நாள்களின் தேவை வலியைத் தணித்து அசைவை மீட்பது. முழு ஓய்வு இதற்கு உதவுவதில்லை. படுத்தே கிடப்பவரின் தசைகள் மேலும் விறைக்கின்றன. ஒத்தடம் இங்கே கைகண்ட உதவி. வறுத்த கல்லுப்பைத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடமும் வெந்நீர்ப் பையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: வெப்பம் தோலின் குருதியோட்டத்தைக் கூட்டுகிறது, தசையின் இறுக்கத்தையும் தளர்த்துகிறது. துண்டு சுற்றிய இதமான சூட்டில் 15 முதல் 20 நிமிடம் போதும். நீரிழிவால் தோலின் உணர்வு குறைந்தவர்களுக்குச் சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும் என்பதால், வேறொருவர் சூட்டைத் தொட்டுப் பார்த்தபின்பே வைக்கவேண்டும். தைலம் தேய்த்த இடத்தில் உடனே ஒத்தடம் கொடுப்பதைத் தவிர்க்கவேண்டும். வலிநீக்கித் தைலங்களிலுள்ள மெத்தில் சாலிசிலேட் வெப்பத்தால் மிகுதியாக உட்கவரப்படுவதோடு, தோலையும் பொசுக்கக்கூடும். குருதி உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்களுக்கு இத்தகைய தைலங்களைப் பெருமளவில் தேய்ப்பது குருதிக்கசிவையும் உண்டாக்கலாம்.

மாத்திரை தேவைப்பட்டால் நலமான பெரியவருக்குப் பாராசிட்டமால் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டாமல் இருக்கவேண்டும். கல்லீரல் நோயோ குடிப்பழக்கமோ உள்ளவர்களுக்கு அந்த எல்லை இன்னும் கீழே. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை வலியை நன்றாகவே குறைத்தாலும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியவை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்கும் வழக்கம் கவலைக்குரியது. டைக்ளோஃபினாக் களிம்பாகத் தடவப்படும்போது குருதியில் சேரும் அளவு குறைவு. காய்ச்சலோடு உடல்வலி இருந்தால், டெங்குவாக இருக்கக்கூடும் என்பதால், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது.

பிடித்துவிடுவதும் உருவிவிடுவதும் சில மணி நேர இதம் தருபவை. துணையில்லாதவர் ஒரு டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் இடையே வைத்து, முதுகெலும்பின்மீது படாமல் தசையின்மீது உருட்டிக்கொள்ளலாம். ஆனால் முடிதிருத்தும் கடைகளில் தலையைப் பிடித்துத் திருகிக் கழுத்தில் சொடுக்கெடுக்கும் வழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியே மூளைக்குச் செல்லும் தமனிகள் அந்தத் திடீர்த் திருகலில் கிழிந்து பக்கவாதம் உண்டான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

உறங்கும் நிலையைப் பற்றிச் சொல்லவேண்டியது சிறிதே. ஒருக்களித்துப் படுப்பவரின் தலையணை, காதுக்கும் தோளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் அளவுக்குத் தடிமனாக இருக்கவேண்டும். மேலிருக்கும் கை முன்னால் சரிந்து தோள்பட்டையை இழுக்காதபடி மார்போடு இன்னொரு தலையணையை அணைத்துக்கொள்வது நல்லது. மல்லாந்து படுப்பவருக்கு மெல்லிய தலையணை போதும். குப்புறப் படுத்தால் கழுத்து இரவு முழுதும் திருகியே இருக்கும்.

வேலையிடத்தில் செய்யத்தக்க மாற்றங்களுள் கைகளுக்கு ஊன்றுதல் தருவதே முதன்மையானது; முன்கை மேசையிலோ தலையணையிலோ படிந்தவுடன் மூன்று கிலோச் சுமை ட்ரெப்பீசியஸ் தசையிலிருந்து இறங்கிவிடுகிறது. பாலூட்டும் தாய் குழந்தையைத் தலையணையின்மீது கிடத்தி மார்பளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம். தரையில் உட்கார்ந்து வேலை செய்பவர் சுவரில் முதுகைச் சாய்த்து, மடியிலிருப்பதைச் சிறு பலகையால் உயர்த்திக்கொள்ளலாம். மடிக்கணினியை நான்கைந்து தடித்த புத்தகங்களின்மேல் ஏற்றி, தனி விசைப்பலகையை இணைக்கலாம். அரைமணிக்கு ஒருமுறை அரை நிமிடம் கைகளைத் தொங்கவிட்டு, தோள்களை உயர்த்திச் சுழற்றி இறக்கினாலே ஓயாமல் இயங்கிய சிறிய அலகுகளுக்கு ஓய்வு கிடைக்கிறது. துண்டு வேலைக்குக் கூலி பெறுபவருக்கு அந்த அரை நிமிடமும் காசு என்பதை மறந்து அறிவுரை சொல்வது பொறுப்பாகாது. அவர்களுடைய முதுகுவலி மருத்துவச் சிக்கலாக இருக்குமளவுக்குக் கூலிமுறையின் சிக்கலாகவும் இருக்கிறது.

நீட்சிப் பயிற்சிகளைவிட வலுவூட்டும் பயிற்சிகள் முக்கியம் என்பது இவ்வலி குறித்த ஆய்வுகள் தரும் மிகப் பயனுள்ள செய்தி. குனிந்து வேலை செய்பவரின் ரோம்பாய்டு தசை ஏற்கெனவே நீண்டே இருக்கிறது. கைகளை முன்னால் கட்டிக்கொண்டு முதுகை வளைத்து அதை மேலும் நீட்டுவது அப்போதைக்குச் சுகமாக இருந்தாலும் நிலைத்த பயன் தருவதில்லை. அடிக்கடி கழுத்து, தோள் வலி வந்த 198 பேரைக் கொண்டு டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ரப்பர் குழாயை மிதித்துக்கொண்டு அதன் முனைகளைப் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் தோளுயரம் வரை தூக்கும் ஒரே பயிற்சியை, வாரத்தில் ஐந்து நாள், 10 வாரம் செய்தவர்களிடம் வலி தெளிவாகக் குறைந்தது. நாளுக்கு 2 நிமிடம் செய்தவர்கள் பெற்ற பலன், 12 நிமிடம் செய்தவர்கள் பெற்றதைவிட அதிகம் பின்தங்கவில்லை. நேரமில்லை என்போருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

ரப்பர் குழாய் கிடைக்காத வீட்டில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு போதும். நின்றபடி, முழங்கையை இலேசாக மடக்கி, கைகளை நேர் பக்கவாட்டுக்குச் சற்று முன்னாகக் கொண்டுவந்து தோளுயரம் வரை மெல்லத் தூக்கி மெல்ல இறக்கவேண்டும். தோள்கள் காதை நோக்கி ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம். பத்துப் பதினைந்து முறை எளிதாகிவிட்டால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு மாறலாம். இதனோடு இன்னொன்றைச் சேர்க்கத் தகும்: சுவரில் உள்ளங்கைகளை ஊன்றித் தள்ளி எழும் தண்டாலின் முடிவில், முழங்கை நீண்டபின்னும் சுவரை இன்னும் சிறிது தள்ளினால், தோள்பட்டை எலும்புகள் விலாக்கூட்டின்மீது முன்னோக்கி நகர்வதை உணரலாம், செரேட்டஸ் தசைக்கான பயிற்சி அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில்தான் இருக்கிறது.

பயிற்சியின்போது சிறு வலி இருப்பது தடையன்று. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரி, திரும்பாவிட்டால் எடையையோ எண்ணிக்கையையோ பாதியாக்கித் தொடர வேண்டும், நிறுத்திவிடத் தேவையில்லை. இரண்டு மூன்று வாரத்தில் சற்றேனும் மாற்றம் தெரியவேண்டும். ஆறு வாரமாகியும் எதுவும் மாறாவிட்டாலோ, கையில் பலம் குறைந்தாலோ, பிசியோதெரபிஸ்டோ எலும்பு மருத்துவரோ கழுத்தையும் சேர்த்துப் பரிசோதிக்கவேண்டும். அப்போது வலி எந்த அசைவில் கூடுகிறது, எந்த நேரத்தில் குறைகிறது என்ற குறிப்பை எழுதிக் கொண்டுசெல்வது, அவசரமாக எடுக்கும் எக்ஸ்ரேயைவிட மருத்துவருக்குப் பெரும்பாலும் கூடுதலாக உதவும்.